கெஜட் பார்க்கும் சில்லுக்காரர்

முதலில் விரல்களைப் பார்த்துக்கொள்கிறார். இரண்டு கைகளையும் விரித்து, விளக்குக்கு நேராக நீட்டி, உள்ளங்கை புறங்கை என்று திருப்பித் திருப்பி. கண்ணாடி வெட்டுகிறவரின் கை. எந்த விரலில் எப்போது ரத்தம் கசியும் என்று அவருக்கே தெரியாது. கீறல் தென்பட்டால் சட்டைப்பையிலிருந்து பிளாஸ்திரி எடுத்துச் சுற்றுகிறார். அதன் பிறகுதான் மேஜைமேல் கிடக்கும் அந்த வார அரசிதழைத் தொடுகிறார். தூங்குகிற நாயின் முதுகில் கை வைப்பதுபோல, அவ்வளவு மெதுவாக.

முன்பக்கங்களை அவர் பார்ப்பதே கிடையாது. யாருக்கு என்ன பதவி, யாருக்கு எங்கே மாற்றல், யார் தன் பெயரை என்னவாக மாற்றிக்கொண்டார் என்பதெல்லாம் முன்னால் வரும். அவர் பின்னாலிருந்து தொடங்குவார். பொதுத் தேவைக்காக எடுத்துக்கொள்ளப் போகிற நிலங்களின் அறிவிப்பு அங்கேதான் இருக்கும். அதில் தெருவின் பெயர் வராது, கதவு எண் வராது, பல நேரம் ஆளின் பெயரும் வராது. நிலத்தை அளந்தவர்கள் போட்ட எண்கள் மட்டும், பொடி எழுத்தில், பத்தி பத்தியாக. கண்ணாடி அளக்கிற இரும்பு ஸ்கேலை ஒரு வரிக்கு அடியில் வைத்து, உதடு மட்டும் அசையப் படித்து, அடுத்த வரிக்கு இறக்குவார். இறக்கும்போது மூச்சு விடுவதில்லை. பக்கம் திருப்பும்போதுதான் விடுவார். எல்லாம் முடிந்ததும் இதழை மூடி, முனைகளைத் தட்டிச் சரிசெய்து, யாருக்கென்று இல்லாமல் சொல்வார்:

"இந்த வாரம் இல்ல."

எங்கள் தெருவில் அவருக்குச் சில்லுக்காரர் என்று பெயர். படத்துக்குச் சட்டம் போடுவார். ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டிக் கொடுப்பார். எங்காவது பெரிய கண்ணாடி உடைந்தால் சில்லுகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டு வந்து, சின்னச் சின்னதாக வெட்டி, முகம் பார்க்கும் கண்ணாடி ஆக்கி விற்பார். முன்னறை கடை, பின்னறைகள் வீடு. தொழிலில் ஆள் புலி. ஆளுயரக் கண்ணாடியைத் தனியாகத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவார். காற்றடிக்கிற நாளில் மூன்றாம் மாடி ஜன்னலில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே தொங்க உட்கார்ந்து கண்ணாடி பொருத்துவார். அப்படிப்பட்டவர் நாலு பக்கக் காகிதத்துக்கு நடுங்குவதை முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

எனக்குச் சிரிக்க உரிமை உண்டு என்றுதான் நினைத்தேன். பள்ளிக்கூடத்தை இரண்டாம் வகுப்போடு தலைமுழுகியவன் நான். எழுத்துக் கூட்டக் கற்றது தகர டப்பாக்களில் ஒட்டியிருந்த காகிதங்களைப் பார்த்து. பழைய இரும்பு பொறுக்கும் தள்ளுவண்டியோடு இந்தத் தெருவுக்குள் நுழைந்தவன், இன்று இதே தெருவில் மூன்று ஷட்டர் போட்ட இரும்புக்கடைக்குச் சொந்தக்காரன். எவன் காலிலும் விழுந்ததில்லை. எவனும் கைதூக்கிவிட்டதும் இல்லை. கடையை மகன்கள் கவனிக்கத் தொடங்கிய பிறகு காலை நேரத்தில் நூலகத்துக்குப் போகிறேன். பட்டம் வாங்கியவர்கள் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு கொட்டாவி விடுவார்கள். நான் விளம்பரம்வரை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

மேலே பேப்பர் அறையில் உட்கார இடமில்லாத ஒரு நாள், படியிறங்கி அரசு வெளியீடுகள் பகுதிக்குப் போனேன். அது நிலத்துக்குக் கீழே இருக்கிறது. பாதிப் படியிலேயே உடம்பு குளிரும். கூரையை ஒட்டித் தண்ணீர்க் குழாய்கள் ஓடும். அவ்வப்போது உள்ளே எதுவோ நகர்வதுபோலச் சத்தம் வரும். இருக்கிற ஒரே ஜன்னலும் கூரையோடு ஒட்டியது, தெருத் தரைக்குச் சமமாக. அதில் ஆள் தெரியாது. போகிறவர் வருகிறவரின் கால்கள் மட்டும் தெரியும். மக்கள்தொகைக் கணக்கு, வெள்ளச் சேத விசாரணை, கிணறுகளின் ஆழம், மீன் பிடிபட்ட எடை என்று எல்லா அறிக்கைகளுக்கும் ஒரே சாம்பல் நிற அட்டை. விளக்கைப் போட்டால் கல்லறை வரிசைபோல நிற்கும்.

அங்கே ஒன்றைத் தேடி எடுப்பது லேசில்லை. எதைப் பற்றிய புத்தகம் என்று பார்த்து அடுக்கவில்லை. எந்தத் துறை அச்சிட்டது என்று பார்த்து அடுக்கியிருக்கிறார்கள். துறைகளோ ஆட்சிக்கு ஆட்சி பெயரை மாற்றிக்கொள்ளும். ஒரே குளத்தைப் பற்றிய மூன்று அறிக்கைகள் மூன்று அலமாரிகளில் ஒன்றையொன்று அறியாமல் இருக்கும். என் கடையில் அரை அங்குல ஆணி வேண்டுமென்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். இதை அந்தப் பகுதிப் பொறுப்பாளரம்மாவிடம் சொன்னேன்.

"ஆணி பேர் மாத்திக்காதுங்கய்யா" என்றார் அவர். சொல்லிவிட்டுத் தும்மினார். தூசி ஒத்துக்கொள்ளாத ஒருவரைத் தேடிப்பிடித்து இந்தத் தூசிக் கிடங்குக்குப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள். தும்மலம்மா என்று நான் வைத்த பெயர் இப்போது நூலகம் முழுக்கப் பரவிவிட்டது.

அன்றைக்குத்தான் சில்லுக்காரரை அந்தக் கோலத்தில் பார்த்தேன்.

"என்னப்பா, பரீட்சைக்குப் படிக்கிறியா?"

"மெதுவாப் பேசுங்கண்ணே."

"இங்க யாரு இருக்கா? அலமாரிக்குக் காது கேக்குமா?"

அவர் ஸ்கேலை ஒரு வரி இறக்கினார்.

"மடியில கனமிருந்தாத்தான் வழியில பயம். உனக்கென்னப்பா?" என்றேன்.

"மடியில வீடு இருக்கேண்ணே."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நினைத்துக்கொண்டு மேலே ஏறி வந்துவிட்டேன். பிறகுதான் அவருடைய அக்காவின் கதை தெரிந்தது. தாய் இல்லாத வீட்டில் அவரை வளர்த்தவர் அந்த அக்காதான். நகரத்தின் வேறொரு மூலையில் அக்காவுக்கு ஒரு வீடு இருந்தது. ஒரு நாள் காலையில் அளக்கும் சங்கிலியோடும் சிவப்புப் பெயிண்டோடும் ஆட்கள் வந்து, அவர் கோலம்போல வெள்ளையடித்து வைத்திருந்த சுவரில் பெருக்கல் குறி போட்டார்கள். என்ன இது என்று கேட்டதற்கு, கெஜட்டில் வந்து வருஷமாகிறது, ஆட்சேபணை சொல்லும் கெடுவும் முடிந்துவிட்டது என்றார்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே என்று அக்கா கேட்டார். அதற்கு அந்த அதிகாரி சொன்ன பதிலைச் சில்லுக்காரர் இன்றைக்கும் அதே குரலில் சொல்லிக் காட்டுவார்:

"கெஜட்ல போட்டா ஊருக்கே சொன்ன மாதிரிம்மா."

சொல்லிவிட்டு, தன் குரலுக்குத் திரும்பி, "ஊருக்கே சொன்ன மாதிரியாம்ணே. ஊர்ல எத்தன பேரு கெஜட் பாக்கிறான்?" என்பார்.

அக்கா இப்போது இவர் வீட்டுப் பின்னறையில் இருக்கிறார். வந்து பல வருஷமாகியும் துணிகளைப் பையிலிருந்து வெளியே எடுத்து அடுக்கவில்லை. சுவரில் ஆணி அடித்துக் கொடுக்கிறேன், மாட்டிக்கொள் என்று தம்பி சொன்னால், "எதுக்குடா? கெளம்பச் சொன்னா ஆணியப் பிடுங்க நேரம் இருக்குமா?" என்று கேட்கிறாராம். அந்தப் பேச்சைக் கேட்ட வாரத்திலிருந்துதான் இவர் நூலகத்துக்கு வரத் தொடங்கினார். சூடு கண்ட பூனை. ஏழெட்டு வருஷமாக ஒரு வாரம் தவறவில்லை. காய்ச்சலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து படித்த நாளும் உண்டு.

இதழ் வருகிற நாளில் அவர் வீட்டில் காலையிலிருந்து யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "இல்ல" என்று சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் உள்ளே பாத்திரச் சத்தம் கேட்கும். ஒரு தடவை செருப்பு வார் அறுந்துபோய், குனிந்து அதைப் பார்த்துக்கொண்டே சொல்ல மறந்துவிட்டார். பின்னறையில் அக்கா பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாராம்.

அவர் மனைவி எங்கள் கடைக்குக் கொக்கி வாங்க வந்தபோது சொன்னார்: "மத்த வீட்டுல புருஷன் பூ வாங்கிட்டு வர்றாரா, பழம் வாங்கிட்டு வர்றாரான்னு பாப்பாங்க. நான் 'இல்ல'ங்கிற வார்த்தையக் கொண்டு வர்றாரான்னு பாத்துட்டு உக்காந்திருக்கேன். அது வந்தாத்தான் எங்களுக்குச் சோறு இறங்கும்."

"அப்படி என்னம்மா நம்பரு, உங்க எடத்துக்கு?"

"எனக்கு எங்க தெரியும்? இத்தன வருஷம் குடும்பம் நடத்தியாச்சு, அத மட்டும் சொல்ல மாட்டாரு."

உண்மை. தன் நிலத்து எண்ணை அவர் யாரிடமும் சொல்வதில்லை. மனைவியிடமும் இல்லை, அக்காவிடமும் இல்லை. தும்மலம்மா எத்தனையோ தடவை, "நம்பரச் சொல்லுங்க தம்பி, நானும் ஒரு கண்ணு பாத்து வைக்கிறேன்" என்றிருக்கிறார். கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். நான் விடாமல் குடைந்தபோது ஒருநாள் காரணம் சொன்னார்.

"பேர் சொல்லிக் கூப்பிட்டா யாரா இருந்தாலும் திரும்பிப் பாப்பாங்கண்ணே. அது பாட்டுக்குத் தூங்கட்டும்."

இரும்பை எடைபோட்டு வாழ்ந்தவன் நான். இப்படிப்பட்ட பேச்சையெல்லாம் தராசில் வைக்க மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு அவரிடம் எண்ணைக் கேட்கவில்லை.

போன மாதம் ஒரு காலையில் கீழ்த்தளத்தில் ஒரு குழாய் கசிந்து, ஒரு அலமாரியின் பின்பக்கம் ஈரமாகிவிட்டது. நில அளவைத் துறையின் வெளியீடுகள் இருக்கிற அலமாரி. சில்லுக்காரர் வழக்கமாக உட்கார்ந்து படிக்கும் இடத்துக்கு எட்டுகிற தூரம்தான். தும்மலம்மா மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து அவர் படிக்கும் மேஜையில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். சில்லுக்காரர் அப்போதுதான் அந்த வார இதழை முடித்து, "இந்த வாரம் இல்ல" என்று சொல்லிவிட்டு ஸ்கேலைப் பைக்குள் வைத்தார். நான் எதிரில் நின்றுகொண்டு, இந்த ஈரத்தை என்னிடம் விட்டால் அரைநாளில் எப்படி அடைப்பேன் என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

அவர் எழுந்திருக்கும்போது, மேஜையில் இருந்த ஒரு தடித்த புத்தகத்தின் மேல் கண் பட்டது. மேலே எங்கள் வட்டாரத்தின் பெயர் இருந்தது.

"என்னக்கா இது?"

"அதுவா? நிலத்தையெல்லாம் திரும்ப அளந்து நம்பர் மாத்தினாங்கல்ல, அந்தப் பட்டியல். பழைய நம்பருக்கு நேரா புது நம்பர்."

"எந்த நிலத்த?"

"இந்தப் பக்கம் பூராவும்தான் தம்பி."

"எப்ப?"

"ஆச்சு, ரெண்டு மூணு வருஷம்." துணிக்குள்ளேயே ஒரு தும்மல் போட்டார்.

சில்லுக்காரர் உட்கார்ந்தார்.

"கெஜட்ல எந்த நம்பர் போடுவாங்க?"

"புதுசுதான். பழசுக்குத்தான் உயிரு போயிருச்சே."

எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. இரண்டு மூன்று வருஷமாக இந்த மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, விரலைத் துடைத்துக்கொண்டு, இல்லாத எண் ஒன்றைத் தேடியிருக்கிறார். அந்த எண்ணை ஒரே ஒரு ஆளிடம் ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லியிருந்தால், அந்த ஆள் பட்டியலைப் புரட்டிப் பார்த்திருப்பார். அது வெளியே தெரியக் கூடாது என்று பொத்தி வைத்திருந்ததால் அது செத்ததும் அவருக்குத் தெரியவில்லை.

"சொல்லுங்க தம்பி, பாத்துரலாம்" என்றார் தும்மலம்மா.

அவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, இன்னும் துடைக்காத அந்தப் புத்தகத்தின் அட்டையில் படிந்திருந்த தூசியில் விரலால் எழுதினார். தும்மலம்மா படித்ததும் உள்ளங்கையால் அழித்துவிட்டார். நானும் பார்த்தேன். அந்த எண்ணை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவர் வேண்டாமென்று சொன்னதற்காக மட்டும் இல்லை, எனக்கே மனம் வரவில்லை.

தும்மலம்மா பட்டியலில் விரல் வைத்துத் தேடி, நேரே இருந்த புது எண்ணைக் காட்டினார். பிறகு இன்னொரு பக்கத்தைப் புரட்டி, "உங்க பழைய நம்பர இப்ப வாய்க்கா ஓரத்துப் பொறம்போக்குக்குக் குடுத்திருக்காங்க" என்றார்.

"அப்ப இத்தன நாளு வாய்க்காலுக்குக் காவல் காத்திருக்கேப்பா" என்றேன். சூழ்நிலையை லேசாக்கத்தான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நாக்கை மடித்துக்கொண்டேன்.

அடுத்த கேள்வி எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. புது எண் வந்த நாளிலிருந்து இன்றுவரை வந்த அத்தனை இதழ்களையும் அவர் படித்திருக்கிறார். ஏதோ ஒரு வாரம் அவர் வீடு அந்த ஸ்கேலின் மேலேயே இருந்திருக்கலாம். அவரும் அடுத்த வரிக்கு இறக்கியிருக்கலாம்.

"மொதல்லேர்ந்து பாக்கணும்" என்றார்.

"கடைசிலேர்ந்து பாக்கணும்" என்றேன் நான். "புதுசுல இருந்தா ஆட்சேபணை குடுக்கலாம். பழசுல இருந்தா என்ன பண்ணப் போற?"

"பழசுல இருந்தா வீடு எப்பவோ போயிருச்சுண்ணே. போன வீட்டுலயா இவ்வளவு நாளு படுத்துத் தூங்கினோம்னு தெரியணும்ல."

"தெரிஞ்சு?"

தும்மலம்மாதான் முடிவு செய்தார். "ஐயா சொல்றதுதான் சரி. கெடு இருக்கிறத மொதல்ல பாப்போம். கெடுவுக்குள்ள எழுத்துல குடுத்தா கூப்பிட்டு விசாரிப்பாங்க. தாண்டிருச்சுன்னா கடவுளே வந்தாலும் வாங்க மாட்டாங்க." சொல்லிவிட்டு, பெட்டியிலிருந்து இன்னும் தைக்காத இதழ்களை அள்ளிக்கொண்டு வந்து மேஜையில் போட்டார்.

சில்லுக்காரரால் படிக்க முடியவில்லை. கையில் இருந்த வியர்வை பட்டுக் காகிதம் ஒட்டிக்கொண்டு வந்தது. "நகருப்பா" என்று இதழ்களை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். தகர டப்பாவில் கற்ற எழுத்து இப்படி ஒரு வேலைக்கு வரும் என்று நினைத்ததில்லை. எதிரில் நின்றபடியே நான் ஒரு இதழ், தும்மலம்மா ஒரு இதழ். அவர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் பால் வைத்தவர்கூட அப்படிப் பார்க்க மாட்டார்.

திடீரென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி இரும்பு. அவர் பார்த்த பக்கம் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு ஜோடி பூட்ஸ் வந்து நின்றிருந்தது. பக்கத்தில் மூன்று மரக்கால்கள், ஒவ்வொன்றாக, தரையில் இறங்கின. நிலம் அளக்கிறவர்கள் கருவியை நிறுத்துகிற முக்காலியும் அப்படித்தான் இறங்கும். மேலே குழாயில் எதுவோ நகர்ந்தது. நாங்கள் மூன்று பேரும் அசையாமல் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு ஒரு கை கீழே வந்து, முக்காலியின் மேல் பலகை வைத்து, அதன்மேல் சீப்பு, ரிப்பன், ஊக்கு அட்டை என்று பரப்பியது.

"சீப்பு விக்கிறவன்" என்றேன்.

"சரிண்ணே" என்றார். கையை விட நேரமாயிற்று.

அந்த மாத இதழ்களில் இல்லை. அவற்றைத் தள்ளி வைத்துவிட்டு அதற்கு முந்தையவற்றை எடுத்தோம். வரிசையாக எண்கள். எண்களைப் பார்த்துப் பயந்தவன் இல்லை நான். வாழ்நாள் முழுக்க எடையும் விலையுமாக அவற்றோடுதான் புழங்கியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு சமையலறை தெரிந்தது. கொடியில் காயும் துணி தெரிந்தது. அந்த வீட்டுக்காரர்களில் யாராவது இதைப் பார்த்திருப்பார்களா என்று நினைத்துக்கொண்டே அடுத்ததற்குப் போனேன்.

அடுத்தது அவருடையது.

இன்னொரு முறை படிக்கலாம் என்று முதல் இலக்கத்திலிருந்து தொடங்கினேன்.

"நின்னுட்டீங்கண்ணே" என்றார்.

இதழை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் எண்ணைப் பார்க்கவில்லை. பக்கத்தின் மூலையைப் பார்த்தார். மடிந்து, பிறகு யாரோ நிமிர்த்திவிட்ட தடம் அதில் இருந்தது.

"இது நான் பாத்ததுண்ணே. இந்த மூலை மடிஞ்சிருந்துச்சு. நான்தான் நிமித்தி விட்டேன்." அந்த மூலையை விரலால் நீவினார். "நிமித்தி விட்டுட்டு வீட்டுக்குப் போயி, இல்லன்னு சொன்னேன். அக்காகூட அன்னிக்கு ரெண்டாவது தடவ சோறு வாங்கிச் சாப்பிட்டுச்சு."

சொல்லிக்கொண்டே உள்ளங்கையை விரித்து அந்த அறிவிப்பின்மேல் வைத்தார். பிளாஸ்திரி சுற்றிய அந்தப் பெரிய கைக்கு அடியில் அறிவிப்பின் தலைப்பும் அவர் எண்ணும் மறைந்துவிட்டன.

தும்மலம்மா மெதுவாகச் சொன்னார்: "கைய எடுங்க தம்பி. கெடுத் தேதி தலைப்புலதான் இருக்கும்."

"எடுக்கிறேங்க்கா."

எடுக்கவில்லை.

"தம்பி."

"எடுக்கிறேன். கொஞ்சம் இருங்க."

நான் பல கஷ்டங்களைப் பார்த்தவன். தள்ளுவண்டியோடு மழையில் கிடந்திருக்கிறேன். ஆனால் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம்போல ஒரு நேரத்தை நான் அனுபவித்ததில்லை. அதற்கு அடியில் ஒரு வீடு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தும்மலம்மா தும்மலை அடக்கிக்கொண்டு கண்ணில் நீர் முட்ட நின்றார். சில்லுக்காரர் சுண்டுவிரலை முதலில் தூக்கினார். பிறகு மோதிரவிரலை. தேதி இருந்த வரி வெளியே வந்தது.

தும்மலம்மா குனிந்து படித்தார். நிமிர்ந்து, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். மறுபடியும் குனிந்தார்.

"நாளைக்கு."

"நாளைக்கா?"

"நாளைக்கு ஆபீஸ் மூடுறவரைக்கும் வாங்குவாங்க. இப்பவே எழுதுங்க. பேப்பர் நான் தர்றேன்."

"நான் கூட வர்றேன்" என்றேன். "காலைல கதவு தொறக்கும்போதே நிப்போம். எவன் வாங்க மாட்டேங்கிறான்னு பாக்கிறேன். என்னத் தெரியாத ஆபீஸ் இந்த ஊர்ல கிடையாது."

அவர் தலையாட்டினார். கையை முழுவதுமாக எடுத்துவிட்டு, சட்டையில் துடைத்துக்கொண்டார். இப்போது எழுதத் தொடங்குவார் என்று நினைத்தேன். தும்மலம்மா காகிதத்தையும் பேனாவையும் கொண்டுவந்து வைத்தார். சில்லுக்காரர் அவற்றைத் தொடவில்லை. தன் எண்ணுக்குக் கீழே இருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குக் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே இன்னொன்று. பத்தி பக்கத்தின் அடிவரை போய், அடுத்த பத்தியில் தொடர்ந்தது. நில அளவைப் பட்டியலை இழுத்துப் பக்கத்தில் விரித்துக்கொண்டார்.

"இது நம்ம தையல்காரம்மா எடமா இருக்கணும்" என்றார். "எனக்கு அடுத்தது அதுதானே. அதுக்கு அடுத்தது அந்தப் பல்லு டாக்டரு." விரல் நகர்ந்துகொண்டே இருந்தது. "இந்தப் பக்கத்தோட நிக்கலண்ணே. ரோட்டத் தாண்டிப் போகுது."

ரோட்டுக்கு அந்தப் பக்கம் யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். முனையில் சலவைக்காரர். அவருக்கு அடுத்து அச்சகம். அச்சகத்தை ஒட்டி மூன்று ஷட்டர்.

"அண்ணே, உங்க கடைப் பத்திரத்துல என்ன நம்பரு?"

என் கடையில் எந்தப் பெட்டியில் எந்த அளவு ஆணி இருக்கிறதென்று எனக்குத் தெரியும். எந்த ஷட்டர் மழைக்காலத்தில் இறுகும் என்று தெரியும். கட்டும்போது எத்தனை லோடு மணல் இறங்கியது என்றுகூடச் சொல்வேன். அந்த இடத்துக்கு ஒரு எண் இருக்கிறதென்றே நான் நினைத்துப் பார்த்ததில்லை. பத்திரம் வாங்கிய நாளில் பெட்டியில் வைத்தது, இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

"வீட்டுல இருக்கு" என்றேன்.

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நான் அவரை எத்தனை தடவை கேலி செய்திருப்பேன். ஒரு தடவை திருப்பிக் கேட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் கிடந்த நாற்காலியின் காலைப் பிடித்துச் சத்தம் வராமல் தன் அருகில் இழுத்து, அதன்மேல் இருந்த தூசியை முழங்கையால் துடைத்தார்.